துல்லியம் யாரிடம் கேட்கப்படுகிறது? ஆஸ்கர் விருதுகளும் வரலாற்றுப் படங்களும்

2014 டிசம்பர் கடைசி வாரத்தில், முன்னாள் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனிடம் உள்நாட்டு விவகார உதவியாளராக இருந்த ஜோசஃப் கலிஃபானோ, 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். அப்போதுதான் திரைக்கு வந்திருந்த 'செல்மா' படம், ஜான்சனை மார்ட்டின் லூதர் கிங்குக்கு முட்டுக்கட்டை போட்டவராகக் காட்டுகிறது என்பது அவர் புகார். உண்மையில், அலபாமா மாநிலத்தின் செல்மா நகரில் கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக 1965இல் கிங் நடத்திய போராட்டமே ஜான்சனின் யோசனைதான் என்றும் அவர் எழுதினார். அத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை, வரவிருக்கும் விருதுப் பருவத்தில் இந்தப் படத்தை ஒதுக்கிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

ஒரு படத்தில் வரலாற்றுப் பிழை இருக்கிறது என்று எழுதுவது வேறு, அந்தப் பிழைக்காக அதற்கு விருது கொடுக்கக்கூடாது என்று கேட்பது வேறு. முன்னது வரலாற்றாளரின் வேலை, பின்னது தேர்தல் பிரசாரத்துக்கு நெருங்கிய உறவு. ஹாலிவுட்டில் டிசம்பர் தொடங்கி ஆஸ்கர் வாக்குப்பதிவு முடியும்வரை இவ்விரண்டும் பிரித்தறிய முடியாதபடி கலந்துவிடுகின்றன. திரைப்பட விருதுகளைப் பற்றிய பேச்சில் வரலாற்றுத் துல்லியம் ஒரு தலைப்பாகவும் இனப்பாகுபாடு வேறொரு தலைப்பாகவும் கையாளப்படுவதே வழக்கம். ஆனால் எந்தக் கதையிடம் ஆதாரம் கேட்கப்படுகிறது, எந்தக் கதை அப்படி எதுவும் கேட்கப்படாமலேயே உள்ளே விடப்படுகிறது என்று பார்க்கத் தொடங்கினால், இரண்டும் ஒரே விவகாரம்தான் என்பது தெரியவரும்.

முதலில் 'செல்மா' மீதான குற்றச்சாட்டையே எடுத்துக்கொள்வோம். 1965 ஜனவரி 15 அன்று, கிங்கின் 36ஆவது பிறந்தநாளில், ஜான்சன் அவருடன் தொலைபேசியில் பேசினார். அந்த உரையாடல் பதிவு செய்யப்பட்டது, ஒலிநாடா இன்று பொதுமக்களுக்குக் கிடைக்கிறது. கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதிவு செய்யப் போகும்போது நடக்கும் மிக மோசமான அநீதி ஒன்றை அலபாமா, மிசிசிப்பி, லூசியானா போன்ற ஒரு மாநிலத்தில் கண்டெடுத்து, அதை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தேவாலயப் பிரசங்கங்களிலும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள் என்று ஜான்சன் அதில் கிங்கிடம் கூறுகிறார். கலிஃபானோவின் வாதம் பெரிதும் இந்த உரையாடலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் செல்மாவின் பிரவுன் சேப்பல் தேவாலயத்தில் கிங் கூட்டம் போட்டுப் போராட்டத்தைத் தொடங்கியது ஜனவரி 2ஆம் தேதி, அதாவது இந்தத் தொலைபேசி அழைப்புக்கு 13 நாள்களுக்கு முன்பு. உள்ளூர் வாக்காளர் சங்கத்தினரும், அகிம்சை வழி மாணவர் அமைப்பைச் சேர்ந்த இளைஞர்களும் அதே ஊரில் 1963 முதலே அடி வாங்கிக்கொண்டும் சிறைக்குப் போய்க்கொண்டும் இருந்தார்கள். ஆகவே செல்மா அதிபரின் யோசனை என்ற கூற்றுக்குத் தேதிகளே இடம் கொடுக்கவில்லை.

படத்தின் பக்கமும் பிழை இல்லாமல் இல்லை. கிங்கின் அந்தரங்க வாழ்க்கையைச் சொல்வதாகத் தயாரிக்கப்பட்ட ஒலிநாடா அவருடைய வீட்டுக்கு வந்து சேரும் நிகழ்வுக்கு ஜான்சனின் சம்மதம் இருந்தது என்று பார்வையாளர் எண்ணும்படி காட்சிகள் அடுக்கப்பட்டுள்ளன. அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. அந்த ஒலிநாடாவை அனுப்பியது 1964 நவம்பரில். கிங்கின் செல்மா போராட்டம் அப்போது தொடங்கவே இல்லை. ஜான்சன் அதற்கு உத்தரவிட்டார் என்பதற்கு ஆதாரமும் இல்லை. கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க 1963இல் அனுமதி கொடுத்தவர் அப்போதைய அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி. அந்தக் காட்சியை எதிர்த்த வரலாற்றாளர்கள் சொன்னது சரிதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிங்கின் சொற்பொழிவுகள் அவருடைய குடும்பத்தாரின் பதிப்புரிமையில் உள்ளவை, அவற்றைத் திரைப்படத்தில் பயன்படுத்தும் உரிமை வேறொரு தயாரிப்புக்கு ஏற்கெனவே விற்கப்பட்டிருந்தது. எனவே இயக்குநர் ஏவா டுவர்னே, கிங்கின் நடையும் தாளமும் தொனிக்குமாறு புதிய உரைகளைத் தாமே எழுதிச் சேர்த்தார். துல்லியத்துக்காக ஒரு படத்தைக் கூண்டில் ஏற்றுகிறோம். அந்தத் துல்லியத்தின் நேரடியான பகுதியான, கதாநாயகன் வாயிலிருந்து வந்த சொற்களோ சட்டப்படி அந்தப் படத்துக்குக் கிடைக்கவில்லை.

ஆஸ்கர் பரிந்துரைகள் 2015 ஜனவரி 15 அன்று வெளியாயின. ஜான்சன் கிங்கை அழைத்துப் பேசி அன்றோடு சரியாக 50 ஆண்டுகள். இப்படியொரு தற்செயலைத் திரைக்கதையில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். 'செல்மா'வுக்குக் கிடைத்தவை சிறந்த படம், சிறந்த பாடல் என்ற இரண்டு பரிந்துரைகள் மட்டுமே. இயக்குநர் பட்டியலில் டுவர்னே இல்லை, நடிகர் பட்டியலில் கிங்காக நடித்த டேவிட் ஓயலோவோ இல்லை. நடிப்புக்கான நான்கு பிரிவுகளிலும் சேர்த்துப் பரிந்துரைக்கப்பட்ட 20 பேரும் வெள்ளையர். ஏப்ரல் ரெயின் என்ற பெண் அன்று ட்விட்டரில் தொடங்கிவைத்த 'ஆஸ்கர் இவ்வளவு வெள்ளை' என்ற கேலிக் குறிச்சொல், அடுத்த ஆண்டும் அதே 20க்கு 20 நிலை திரும்பியபோது உலகெங்கும் பரவியது.

அதே 2015 பட்டியலில் ஆலன் டூரிங் பற்றிய 'தி இமிடேஷன் கேம்' படமும் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் இரகசியக் குறியீட்டை உடைத்த கணித மேதையின் கதை அது. சோவியத் உளவாளியான ஜான் கெயர்ன்கிராஸ் தம் குழுவிலேயே இருப்பதை டூரிங் கண்டுபிடிக்கிறார் என்றும், தம்முடைய ஓரினச்சேர்க்கை அம்பலமாகிவிடுமே என்று அஞ்சி அதை மறைக்கிறார் என்றும் படம் சொல்கிறது. இருவரும் ஒன்றாக வேலை செய்யவில்லை, ஒருவரை ஒருவர் அறிந்திருந்தார்கள் என்பதற்கும் சான்று இல்லை. நாட்டுக்காக உழைத்து, அந்த நாட்டின் சட்டத்தாலேயே தண்டிக்கப்பட்ட ஒருவர்மீது அவர் செய்யாத துரோகத்தைச் சுமத்துவது, ஓர் அதிபரைச் சற்றுக் கடுமையானவராகக் காட்டுவதைவிடச் சிறிய பிழையா என்ன? போலந்துக் கணிதவியலாளர்களின் முன்னோடிப் பணியும் அந்தப் படத்தில் ஏறக்குறைய காணாமல் போகிறது. வரலாற்றாளர்கள் இவற்றையெல்லாம் எழுதத்தான் செய்தார்கள். படத்துக்கு 8 பரிந்துரைகள் கிடைத்தன, தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கரும் கிடைத்தது. எந்தப் பிரிவில் வரலாற்றைக் கையாண்ட விதம் நேரடியாக மதிப்பிடப்படுகிறதோ அந்தப் பிரிவிலேயே! 'இந்த மனிதரைக் கௌரவியுங்கள், இந்தப் படத்தைக் கௌரவியுங்கள்' என்பது அதன் விருதுப் பிரசார வாசகம்.

இதை வைத்து, வாக்களித்தவர்கள் இனவெறியர்கள் என்று முடிவு கட்டினால் நாமும் ஆதாரமில்லாமல் பேசியவர்களாவோம். வாக்குச்சீட்டு இரகசியமானது, காரணம் எழுத அதில் இடமில்லை. 'செல்மா' ஆண்டின் கடைசியில் வெளிவந்தது; விருதுகள் தரும் திரைத்துறைத் தொழிற்சங்கங்களின் உறுப்பினர்கள் வீட்டில் பார்ப்பதற்கான வட்டுகளைத் தயாரிப்பு நிறுவனம் நேரத்துக்கு அனுப்பவில்லை. இன்னொரு தகவல் 2020இல் வெளியே வந்தது. காவல்துறையினரின் பிடியில் எரிக் கார்னர் என்ற கறுப்பினத்தவர் மூச்சுத் திணறி இறந்ததைக் கண்டித்து, படக்குழுவினர் 'எனக்கு மூச்சு விட முடியவில்லை' என்ற வாசகம் பொறித்த சட்டைகளோடு நியூயார்க் திரையிடலுக்கு வந்திருந்தார்கள். அதைப் பார்த்து எரிச்சலடைந்த, ஆஸ்கரை வழங்கும் அகாடமியின் உறுப்பினர்கள் இந்தப் படத்துக்கு வாக்களிக்கமாட்டோம் என்று சொன்னதாக ஓயலோவோ தெரிவித்தார். அகாடமி அதை மறுக்கவில்லை. அது ஏற்கத்தக்கதல்ல என்று பகிரங்கமாகப் பதில் எழுதியது. ஜான்சனின் பெயருக்கு நேர்ந்த களங்கமும் சட்டை வாசகம் கிளப்பிய எரிச்சலும் ஒரே ஆளின் மனத்துக்குள் எந்த விகிதத்தில் கலந்திருந்தன என்பதை அந்த ஆளே சொல்ல முடியுமா என்பது சந்தேகம்தான்.

யார் அந்த ஆள் என்பதைச் சொல்லலாம். 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' நாளிதழ் 2012இல் அகாடமியின் உறுப்பினர்களை ஒவ்வொருவராகத் தேடிக் கணக்கெடுத்தது. ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் வெள்ளையர், 77 விழுக்காட்டினர் ஆண்கள், கறுப்பினத்தவர் 2 விழுக்காட்டினர், இடைநிலை வயது 62. பரிந்துரைக் கட்டத்தில் நடிகர்களை நடிகர்களும் இயக்குநர்களை இயக்குநர்களுமே தேர்ந்தெடுக்கிறார்கள். சிறந்த படத்துக்கு மட்டும் எல்லாப் பிரிவினரும் பரிந்துரைக்கலாம். 2015இல் 62 வயதைத் தொட்ட ஒருவர், ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டபோது 12 வயதுச் சிறுவர். ஜான்சனை அவர் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவர். அந்த முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் அவருக்கு உடனே தெரியும். செல்மாவில் 1963இல் யார் அடி வாங்கினார்கள் என்பது படத்தில் விடுபட்டுப்போனால் அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. துல்லியம் என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் இதுதான். நாம் முன்பே அறிந்தவரைப் பற்றிய பிழை கண்ணில் குத்துகிறது, அறியாதவரைப் பற்றிய பிழை பிழையாகவே தெரிவதில்லை.

இதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பும் இப்படியொரு சோடி அமைந்தது. கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டுச் சிறையில் வாடிய குத்துச்சண்டை வீரர் ரூபின் கார்ட்டரின் கதை 'தி ஹரிக்கேன்' என்ற பெயரில் 1999இல் வந்தது. கார்ட்டர்மீதான தண்டனை இனவெறியைத் தூண்டும் வாதத்தின்மேல் கட்டப்பட்டது என்று 1985இல் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்து அவரை விடுவித்திருந்தார். ஆனால் படம் அத்தோடு திருப்தியடையாமல், 1964இல் ஜோயி ஜியார்டெல்லோ என்ற வெள்ளை வீரரிடம் கார்ட்டர் தோற்ற பந்தயத்தையும் இனப்பாகுபாட்டால் பறிக்கப்பட்ட வெற்றியாகக் காட்டியது. அந்தப் பந்தயத்தில் ஜியார்டெல்லோ நியாயமாகவே வென்றார். அவர் வழக்குத் தொடுக்க, விவகாரம் சமரசத்தில் முடிந்தது. விருதுப் பருவம் முழுக்க இந்தப் பிழைகளே பேச்சாக இருந்தன. கோல்டன் குளோப் வாங்கிய டென்சல் வாஷிங்டனின் நடிப்புக்குக் கிடைத்தது தவிர, ஆஸ்கரில் அந்தப் படத்துக்கு வேறு பரிந்துரையே இல்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்துக் கணிதவியலாளர் ஜான் நாஷ் பற்றிய 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' வந்தது. நாஷுக்குக் கேட்ட குரல்களை அது கண்முன் நடமாடும் ஆட்களாக்கியது, அவருடைய மணமுறிவை விட்டுவிட்டது, நோபெல் மேடையில் அவர் ஆற்றாத உரையை ஆற்றவைத்தது. அதன்மேலும் கிசுகிசுப் பிரசாரம் நடந்தது. ஆனாலும் அது சிறந்த படம் உட்பட 4 ஆஸ்கர்களோடு வெளியேறியது. இரண்டு படங்களைக் கொண்டு ஒரு விதியை நிறுவ முடியாது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கலாம். நாஷின் கதையில் நடந்த மாற்றங்களால் எந்த அமைப்பும் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. கார்ட்டரின் கதை காவல்துறையையும் நீதிமன்றத்தையும் குற்றம் சாட்டுவது. குற்றச்சாட்டில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் எதிர்த்தரப்பு முழு மனுவையும் தள்ளுபடி செய்யச் சொல்லும். ஆகையால், அநீதியைச் சொல்லும் படங்கள் மற்றப் படங்களைவிடக் கூடுதல் துல்லியத்துடன் இருந்தே ஆக வேண்டியிருக்கிறது. இது நியாயமில்லை என்றாலும் நிலைமை இதுதான் என்பதால், 'தி ஹரிக்கேன்' படத்தாரின் அலட்சியத்தை என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை.

எதிர்த்திசையில் செய்யப்படும் திரிபுகளுக்கு இவ்வளவு தொல்லை இல்லை. 1964 ஜூனில் மிசிசிப்பியில் ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் ஆகிய மூன்று சிவில் உரிமைப் போராளிகள் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி 1988இல் எடுக்கப்பட்ட 'மிசிசிப்பி பர்னிங்' படத்தில் கறுப்பினத்தவர் அஞ்சி ஒதுங்குகிறார்கள், எஃப்.பி.ஐ.யின் இரண்டு வெள்ளை அதிகாரிகள் நீதி வாங்கித் தருகிறார்கள். கிங்கை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த அதே எஃப்.பி.ஐ.! கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் உள்ளிட்டோர் கண்டித்தார்கள். அதையும் மீறி 7 பரிந்துரைகள் வந்தன, ஒளிப்பதிவுக்கு விருதும் வந்தது.

2019இல் சிறந்த படமான 'கிரீன் புக்' விவகாரம் இன்னும் நுட்பமானது. கறுப்பினப் பியானோ கலைஞர் டான் ஷெர்லி 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கச்சேரிப் பயணம் போகிறார். டோனி லிப் என்ற இத்தாலிய வம்சாவளிக்காரர் கார் ஓட்டுகிறார். ஓட்டுநரின் மகனே திரைக்கதை ஆசிரியர்களில் ஒருவர். தம் குடும்பத்தாரோடும் கறுப்பினச் சமூகத்தோடும் தொடர்பற்றுப்போன தனிமனிதராக ஷெர்லி படத்தில் வருகிறார். குடும்பத்தார் இதைக் கடுமையாக மறுத்தார்கள். சகோதரர்களோடு அவர் நெருக்கமாகவே இருந்தார் என்றும், கிங்கின் நண்பர் என்றும், செல்மா பேரணிக்கே போனவர் என்றும் சொன்னார்கள். ஷெர்லியிடமே நேரில் கேட்டு எழுதிய கதை, தம் மறைவுக்குப் பிறகே வர வேண்டும் என்று அவர்தான் கேட்டுக்கொண்டார் என்பது படத்தாரின் பதில். ஷெர்லியாக நடித்த மஹர்ஷாலா அலி குடும்பத்தாரைத் தொலைபேசியில் அழைத்து வருத்தம் தெரிவித்தார். கடைசியில் அலிக்கு ஆஸ்கர் கிடைத்தது, 'துணை நடிகர்' பிரிவில். ஓட்டுநராக நடித்தவர் பரிந்துரைக்கப்பட்டது முதன்மை நடிகர் பிரிவில். யாருடைய கதை என்ற கேள்விக்குப் படம் என்ன விடை வைத்திருந்தது என்பதை இந்தப் பிரிவுகளே சொல்லிவிடுகின்றன. படத்துக்குப் பெயர் தந்த கையேடு, ஹார்லெம் தபால்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன் 1936இல் தொடங்கியது. கறுப்பினப் பயணிகள் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று ஆண்டுதோறும் சொல்லிவந்தது. அது சில நொடிகள் திரையில் வந்து போகிறது.

இந்த வரிசையின் தொடக்கத்தில், அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத் தென்மாநிலத்தைக் காட்டும் 'கான் வித் தி விண்ட்' நிற்கிறது. தயாரிப்பாளர் டேவிட் ஓ. செல்ஸ்னிக் துல்லியத்தில் பித்துப் பிடித்தவர். தென்மாநிலத்தவரின் உச்சரிப்புக்கும் நடையுடைக்கும் சூசன் மிரிக் என்ற ஜார்ஜியா பத்திரிகையாளரையும், கட்டடங்களுக்கும் போர்க்காலப் பொருள்களுக்கும் வில்பர் கர்ட்ஸ் என்ற அட்லாண்டா வரலாற்றாளரையும் ஹாலிவுட்டுக்கு வரவழைத்தார். தோட்டத்து மாளிகையின் முகப்பில் தூண்கள் இருக்கலாமா என்பதுவரை விவாதம் நடந்தது. கறுப்பின முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் வால்டர் வைட், கறுப்பின ஆலோசகர் ஒருவரையும் வைத்துக்கொள்ளும்படி கேட்டார். அது மட்டும் நடக்கவில்லை. விளைவாக, உச்சரிப்பு பிசகாத, தூண் பிசகாத ஒரு படத்தில், அடிமைகள் தங்கள் எசமானர்களை விட்டுப் பிரிய மனமில்லாமல் கண்ணீர் வடித்தார்கள்.

1939 டிசம்பரில் அட்லாண்டாவில் நடந்த முதல் திரையிடலில், 'மேமி' என்ற பணிப்பெண்ணாக நடித்த ஹேட்டி மெக்டேனியல் இல்லை. ஜார்ஜியாவின் நிறப்பிரிவினை அதற்கு இடம் தரவில்லை. 1940 பிப்ரவரி 29 இரவு லாஸ் ஏஞ்சலிஸின் அம்பாசடர் ஹோட்டலில் ஆஸ்கர் விழா. கறுப்பினத்தவரை அனுமதிக்காத ஹோட்டல் அது, செல்ஸ்னிக் தனியாகக் கேட்டுக்கொண்டதால் மெக்டேனியல் உள்ளே விடப்பட்டார். சக நடிகர்களின் மேசையில் அவருக்கு இடமில்லை. சுவரோரத்தில் போட்ட சிறு மேசையிலிருந்து எழுந்து, கூந்தலில் வெள்ளைப் பூக்களோடு, கூடத்தைக் கடந்து மேடைக்கு வந்து, சிறந்த துணை நடிகைக்கான விருதை வாங்கினார். ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். நடிப்புக்கான போட்டிப் பிரிவில் அடுத்த கறுப்பினத்தவருக்காக 24 ஆண்டுகளும், அடுத்த கறுப்பினப் பெண்ணுக்காக 51 ஆண்டுகளும் காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றிரவு 8 போட்டி விருதுகளை அள்ளிய படத்திடம், அடிமைமுறை இப்படித்தான் இருந்ததா என்று வாக்குரிமை உள்ளவர்கள் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை. கறுப்பின நாடக எழுத்தாளர் கார்ல்டன் மாஸ் செல்ஸ்னிக்குக்குப் பகிரங்கக் கடிதம் எழுதிக் கேட்டார். அவருக்கு வாக்கு இல்லை.

ஆதாரம் முழுமையாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. 2014இல் சிறந்த படமான '12 இயர்ஸ் எ ஸ்லேவ்', கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்ட சாலமன் நார்த்தப் 1853இல் எழுதிய தன்வரலாற்றிலிருந்து வந்தது. அந்த நூலை 1968இலேயே சூ ஈகின், ஜோசஃப் லாக்ஸ்டன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆவணங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துப் பதிப்பித்திருந்தார்கள். துல்லியம் பற்றி யாரும் பெரிதாகக் கைவைக்க முடியவில்லை. ஆனால் படம் மனத்தைப் பிசைந்துவிடும் என்று பயந்து அதைப் பார்க்காமலேயே, அதன் சமூக முக்கியத்துவத்துக்காக வாக்களித்ததாக உறுப்பினர்கள் இருவர் ஒப்புக்கொண்டதை 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' வெளியிட்டது. பார்க்காமல் ஒதுக்குவதும் பார்க்காமல் மெச்சுவதும் ஒரே சோம்பலின் இரண்டு முகங்கள். ஒரு பிரிவின் படங்கள் அனைத்தையும் பார்த்தவர்களே அந்தப் பிரிவின் இறுதிச் சுற்றில் வாக்களிக்கலாம் என்ற விதியை அகாடமி 2025இல்தான் அறிவித்தது.

அதற்கு முன்பே சில மாற்றங்கள் நடந்திருந்தன. பெண்கள், சிறுபான்மை இனத்தவர் ஆகிய உறுப்பினர்களின் எண்ணிக்கையை 2020க்குள் இரட்டிப்பாக்குவதாக 2016இல் அகாடமி உறுதி கூறி, நிறைவேற்றியும் காட்டியது. சிறந்த படத்துக்குப் போட்டியிடும் படங்கள் நான்கு உள்ளடக்க அளவுகோல்களில் இரண்டையாவது நிறைவு செய்ய வேண்டும் என்ற விதி 2024 விழாவிலிருந்து நடைமுறைக்கு வந்தது. திரையில் யார், படக்குழுவில் யார், பயிற்சி பெறுவோர் யார், விளம்பரத் துறையில் யார் என்று அவை ஆட்களைக் கணக்கிடுகின்றன. கதை யாருடைய கண் வழியே சொல்லப்படுகிறது என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. இருக்கவும் முடியாது, அது கலைஞரின் கையைக் கட்டுவதாகிவிடும். முதல் அளவுகோலை நிறைவு செய்யும் வழிகளில் ஒன்று, முதன்மை நடிகர் அல்லது முக்கியத் துணை நடிகர் ஒருவராவது போதிய இடம் கிடைக்காத இனப்பிரிவைச் சேர்ந்தவராக இருப்பது. 'கிரீன் புக்' அதில் எளிதாகத் தேறியிருக்கும். சுவரோர மேசையில் உட்கார்ந்திருந்த ஹேட்டி மெக்டேனியலைக் கணக்கில் காட்டினால், 'கான் வித் தி விண்ட்' படமும் அந்த முதல் அளவுகோலில் தேறிவிடும்.